கோவை – பழனி – கோவை, 200 கி.மீ.: உடல்தகுதியை மீட்க 47 வயதில் எடுத்த ஒரு சைக்கிள் சவால் (நிகழ்வு ஆய்வு)

பின்னணி

கோவையின் தெற்குப் புறநகரில் வசிக்கும் 47 வயது ஆண். பட்டறை ஒன்றில் கணக்கு வேலை, நாளுக்கு ஒன்பது மணி நேரம் நாற்காலியில். கல்லூரிக் காலத்துக்குப் பிறகு உடற்பயிற்சி என்று எதுவும் கிடையாது. பிப்ரவரி மாதப் பரிசோதனையில் எடை 94 கிலோ, உயரம் 171 செ.மீ., இடுப்புச் சுற்றளவு 108 செ.மீ., மாத்திரை எடுத்துக்கொண்டும் ரத்த அழுத்தம் 148/94. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. 6.2, அதாவது நீரிழிவின் வாசற்படி (5.7 முதல் 6.4 வரை அந்த வரம்பு). ரத்த அழுத்தத்துக்காக அவர் எடுத்துவந்தது டெல்மிசார்ட்டான் 40, மெட்டோபிரோலால் 25 இரண்டும் சேர்ந்த ஒரே மாத்திரை. இந்த மாத்திரையை நினைவில் வைத்துக்கொள்ளவும். பின்னால் இரண்டு இடங்களில் குறுக்கே வரும்.

நடைப்பயிற்சி தொடங்கி இரண்டு முறை விட்டவர். தேதி குறித்த ஓர் இலக்கு இருந்தால்தான் காலையில் எழுவேன் என்பது அவர் தன்னைப் பற்றிச் சொன்ன கணிப்பு. கோவையிலிருந்து பழனி அடிவாரம் போய் அதே நாளில் திரும்புவது என்று முடிவானது. பொள்ளாச்சி 36 கி.மீ., அங்கிருந்து உடுமலை 29, அங்கிருந்து பழனி 34; போய்வர ஏறத்தாழ 200. நேர வரம்புக்கு பாரிஸின் ஆடாக்ஸ் சங்க விதியைக் கடன் வாங்கினார்கள்: 200 கி.மீ. பிரெவே (நேர வரம்புக்குள் முடிக்க வேண்டிய நீண்டதூர சைக்கிள்) பயணத்துக்கு 13 மணி 30 நிமிடம், ஓய்வு, சாப்பாடு, பஞ்சர் எல்லாம் உட்பட. அதிகாரபூர்வப் பதிவு எதுவும் இல்லை. நீண்டதூரப் பயணத்தில் பல ஆண்டு பழக்கமுள்ள, வயதில் இளையவர் ஒருவர் வழிகாட்டியாக இருந்தார். பயணம் மட்டும் தனியாக.

தொடங்கும் முன் இ.சி.ஜி.யும் டிரெட்மில் டெஸ்டும் எடுக்கப்பட்டன. இரண்டிலும் குறை இல்லை. நாற்பதைத் தாண்டி, ரத்த அழுத்தமும் உள்ளவர் இதைச் செய்யாமல் நீண்ட பயணத்துக்குத் தயாராகக் கூடாது.

முதல் ஆறு வாரங்கள்: கைக்கடிகாரமும் முழங்காலும்

சைக்கிள் அவரிடமே இருந்தது: முன்னால் மூன்று, பின்னால் எட்டு பல்சக்கரம் கொண்ட ஹைப்ரிட், நேர் ஹேண்டில்பார், 38 மி.மீ. அகல டயர். வாரம் நான்கு நாள், 8 கி.மீ.யில் தொடங்கி ஏற்றிக்கொண்டே போவது திட்டம்.

முதல் சிக்கல் கைக்கடிகாரத்தால் வந்தது. 220இலிருந்து வயதைக் கழித்தால் அதிகபட்ச இதயத் துடிப்பு 173. அதில் 60 முதல் 70 சதவீதம், அதாவது 104 முதல் 121 வரை இருந்தால் ‘இலேசான பயிற்சி’ என்று செயலி சொன்னது. ஆனால் எவ்வளவு மிதித்தும் அவருக்குத் துடிப்பு 105ஐத் தாண்டவில்லை. பயிற்சி போதவில்லை என்று நினைத்து இன்னும் வேகமாக மிதித்தார். மூன்றாம் வாரம் வீடு திரும்பியதும் படுத்துவிடும் நிலை. காரணம் மாத்திரையில் இருந்த மெட்டோபிரோலால். அது பீட்டா தடுப்பான். உழைப்புக்கு ஏற்ப இதயத் துடிப்பு ஏறுவதை அது அடக்கிவைக்கும். அதை எடுப்பவருக்கு 220 கழித்தல் வயது என்ற கணக்கே பொருந்தாது. துடிப்பை விட்டுவிட்டுப் பேச்சை அளவுகோலாக்கினார் வழிகாட்டி: மிதிக்கும்போது முழு வாக்கியம் மூச்சு வாங்காமல் பேச முடிந்தால் அது இலேசு, மூன்று நான்கு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு இழுத்தால் அது கடினம். வாரத்தின் ஐந்தில் நான்கு பங்கு நேரம் முதல் வகையிலேயே இருக்க வேண்டும் என்றார். கடிகாரம் அதன்பிறகு நேரம் பார்க்க மட்டும்.

இரண்டாவது, முழங்காலின் முன்பக்க வலி. முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு, பின்பக்கம் வலித்தால் உயரம்; தொடக்கத்தில் இந்த ஒரு விதி தெரிந்தாலே பாதிப் பிரச்சினை தீரும். பெடல் தண்டுகள் சுழலும் நடு அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேல்பரப்பு வரை அளந்தபோது 64.5 செ.மீ. இருந்தது. அவருடைய உள்கால் நீளம் 78 செ.மீ.; அதை 0.883ஆல் பெருக்கினால் 68.9. கிட்டத்தட்ட நாலரை செ.மீ. குறைவு. கால் தரையில் முழுதாக ஊன்ற வேண்டும் என்று கடையில் கேட்டுத் தாழ்த்தி வாங்கியிருந்தார், நம்மில் பலர் செய்வதுபோல. ஒரேயடியாக உயர்த்தாமல் மூன்று வாரத்தில் படிப்படியாக ஏற்றினார்கள். 68.9க்கு வந்தபோது மிதிக்கையில் இடுப்பு இருபுறமும் ஆடியது, 68.2இல் நின்றது. வலி இரண்டு வாரத்தில் போனது.

வலி இருந்த நாட்களில் அவர் மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொண்டது பின்னர்தான் தெரிந்தது. டெல்மிசார்ட்டான் எடுப்பவர், வியர்வையில் நீர் வற்றிய உடம்போடு அந்த வகை வலி மாத்திரை போட்டால் மூன்றும் சேர்ந்து சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். மருத்துவர் அதை அடியோடு நிறுத்தினார்.

ஏப்ரல் முதல் ஜூன் வரை

ஞாயிறு நீண்ட பயணம் 30, 40, 50, பிறகு ஒரு வாரம் குறைவு, மீண்டும் 65, 80, 100 என்று ஏறியது. நான்கு வாரத்துக்கு ஒன்று தூரம் குறைக்கப்பட்டது. கோடை வெயிலுக்காக ஐந்து மணிக்குக் கிளம்பி ஒன்பதுக்குள் திரும்பினார், நூறு கி.மீ. மட்டும் பத்தரையைத் தாண்டியது. 38 மி.மீ. கட்டை டயர் போய் 32 மி.மீ. வழவழப்பான டயர் வந்தது. டயர் கல்லுபோல் இருந்தால் வேகம் கூடும் என்று 85 பி.எஸ்.ஐ. அடித்து ஓட்டியதில் கைகள் மரத்தன. பின்னால் 72, முன்னால் 65 என்று குறைத்ததும் சாலையின் அதிர்வு அடங்கியது, வேகம் குறையவில்லை.

ஜூன் இறுதியில் எடை 89.6. இலக்கு நாள் ஜூலை இரண்டாம் ஞாயிறு. வெயில் தணிந்து, மேகம் மூடி, மழை அதிகம் இல்லாத மாதம் என்பதுதான் தேர்வுக்குக் காரணம். வெயிலைப் பார்த்தார்கள், காற்றைப் பார்க்கவில்லை. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது தமிழ்நாடு முழுக்கத் தெரிந்ததுதான். பாலக்காட்டுக் கணவாய்க்கு நேர் எதிரே இருக்கும் உடுமலையில் அத்தனை காற்றாலைகளை நட்டதும் அதே காரணத்துக்குத்தான்.

முதல் முயற்சி: ஜூலை

காலை 5:00 மணிக்குப் புறப்பாடு. பொள்ளாச்சி தாண்டி சாலை கிழக்கே திரும்பியதும் முதுகில் காற்று. அதிக உழைப்பில்லாமல் 26, 28 கி.மீ. வேகம். 25 நிமிட ஓய்வும் சேர்த்து 9:50க்குப் பழனி அடிவாரம். திட்டத்தைவிட ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்னால். அந்த நம்பிக்கையில் 50 நிமிடம் உட்கார்ந்து நெய்ப் பொங்கலும் வடையும் சாப்பிட்டார்.

10:40க்குத் திரும்பினார். உடுமலைவரை 34 கி.மீ.க்கு 2 மணி 40 நிமிடம் மிதிக்க வேண்டியிருந்தது; இடையில் 20 நிமிட ஓய்வு வேறு. 13:40க்கு உடுமலை. அங்கே 15 நிமிடம் நின்று கிளம்பியவருக்கு அடுத்த 15 கி.மீ.க்குள் தொடையில் மூன்று முறை தசைப்பிடிப்பு. இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் முழுதாக மரத்துவிட்டன. கியர் மாற்றக் கையைப் பார்த்துப் பார்த்து அழுத்த வேண்டிய நிலை. கோமங்கலம் வந்தபோது மணி 15:50. ஓடியது 148 கி.மீ.

மீதம் 50 கி.மீ., வரம்பு முடிய 2 மணி 40 நிமிடம். தேவையான வேகம் ஏறத்தாழ 19. அப்போது அவர் போய்க்கொண்டிருந்தது 11. தொலைபேசியில் வழிகாட்டி இந்தக் கணக்கை மட்டும் சொன்னார். நேர வரம்பை விட்டுவிட்டு, இருட்டினாலும் ஓட்டி முடிக்கிறேன் என்றார் இவர். “அண்ணா, விரல் மரத்துப்போய் பிரேக் எப்படிப் பிடிப்பீங்க? காரை வரச் சொல்லிரலாமுங்க” என்பதுதான் முடிவைத் திருப்பியது. மச்சினர் வந்து ஏற்றிச் சென்றார். வீட்டில் எடை 86.9: காலையைவிட 2.7 கிலோ குறைவு, அதாவது உடல் எடையில் மூன்று சதவீதம் நீர். சிறுநீர் கடும் மஞ்சள். எழுந்து நின்றால் தலைச்சுற்றல், ரத்த அழுத்தம் 102/64.

ஏன் நின்றது

காலில் தெம்பில்லை என்று அவர் நினைத்தார். கணக்கு வேறு சொன்னது. எதிர்க்காற்று மணிக்கு 20 கி.மீ., சைக்கிள் 12 என்றால் மார்பில் மோதுவது 32 கி.மீ. வேகக் காற்று. காற்றின் தடை வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் கூடும். ஆகவே காற்றில்லாத சாலையில் 20 கி.மீ. வேகத்தில் சந்திக்கும் தடையைப்போல் இரண்டரை மடங்கு. போகும்போது 24இல் போனவருக்கு அதே காற்று எதிர்ப்பட்டது 4 கி.மீ. வேகத்தில்தான். காலையில் கிடைத்த ஒரு மணி நேரம் சம்பாத்தியமல்ல, கடன். அதைப் பழனியில் உட்கார்ந்து செலவழித்ததும் தவறு.

கியரும் கூட்டு. 48 பல் கொண்ட பெரிய சக்கரத்திலேயே நின்று, நிமிடத்துக்கு ஐம்பது சுற்றுக்கும் கீழே அழுத்தி மிதித்தார். 38க்கு இறங்கி 75, 80 சுற்று மிதித்திருந்தால் தொடை அவ்வளவு சீக்கிரம் இறுகியிருக்காது. வேகம் குறைவதை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை என்று பிறகு சொன்னார்.

நீர் விஷயத்தில் காற்று ஏமாற்றியது. வியர்வை சட்டையில் நிற்காமல் காய்ந்துகொண்டே போனதால் வியர்க்கவே இல்லை என்று நினைத்தார். திரும்பும் வழியில் ஐந்து மணி நேரத்தில் குடித்தது ஒன்றேகால் லிட்டர், அதுவும் வெறும் தண்ணீர். நெய்ப் பொங்கல் வயிற்றில் கல்லாக நின்றதால் மேற்கொண்டு எதுவும் சாப்பிடத் தோன்றவில்லை.

விரல் மரப்பு உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கம் ஓடும் அல்நார் நரம்பு நசுங்கியதால் வந்தது. சீட்டின் மூக்கு சற்றுக் கீழே சாய்ந்திருந்தது. உடம்பு முன்னால் வழுக்க, அந்த எடையைக் கை தாங்கியது. நேர் ஹேண்டில்பாரில் பிடியை மாற்றவும் வழியில்லை. முழு உணர்வு திரும்ப ஒன்பது நாள் ஆனது.

எடுத்த முடிவுகள்

அடுத்த தேதி பிப்ரவரி கடைசி ஞாயிறு. அந்தக் காலத்தில் காற்று கிழக்கிலிருந்து வரும். கால்கள் புதிதாக இருக்கும் காலையில் எதிர்த்துப் போய், களைத்த பின் அதே காற்றை முதுகில் வாங்கித் திரும்பலாம். ஜனவரியும் பேசப்பட்டது. ஆனால் தைப்பூசத்துக்கு முந்தைய வாரங்களில் அந்தச் சாலையின் ஓரம் முழுக்கப் பாதயாத்திரை பக்தர்கள், விடியுமுன் இருட்டில் அதிகம். சைக்கிள் ஓரத்தில் போக இடமில்லை. நடுவில் போனால் லாரி. பூசம் முடியட்டும் என்று விட்டார்கள்.

சைக்கிளில்: சீட் கிடைமட்டமாக்கப்பட்டது, ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம்மைக் கவிழ்த்து மாட்டி அது உயர்த்தப்பட்டது, இரு முனையிலும் கொம்புப் பிடி சேர்க்கப்பட்டது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை பிடியை மாற்றுவது பழக்கமாகும்வரை கடிகாரத்தில் மணி வைத்துக்கொண்டார். பின்சக்கரத்தில் செயின் பக்கத்து ஸ்போக்குகள் தளர்ந்திருந்ததால் இறுக்கி வீல் பெண்டு எடுக்கப்பட்டது. கனமான ஆளுக்கு அந்தப் பக்க ஸ்போக்தான் முதலில் ஒடியும்.

நீருக்கு ஒரு சோதனை. ஒரு மணி நேரம் ஓட்டுமுன் எடை 88.4, ஓட்டிய பின் 87.5, நடுவில் குடித்தது 300 மி.லி. ஆக மணிக்கு 1.2 லிட்டர் வியர்வை. அத்தனையையும் ஈடுகட்டக் குடித்தால் வயிறு ஏற்காது. வெறும் தண்ணீராக அளவின்றிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து மயக்கம் வரை போகும். மணிக்கு 700 மி.லி. என்று வைத்தார்கள், ஒரு பாட்டிலில் தண்ணீர், மற்றதில் ஓ.ஆர்.எஸ். ஒரு பாக்கெட் ஒரு லிட்டருக்கு. சுவைக்காக அரை லிட்டரில் கரைப்பது கூடாது. ரத்த அழுத்தமும் உப்பும் சேர்ந்த விஷயம் என்பதால் மருத்துவரிடம் கேட்டபின்தான் இது முடிவானது.

சாப்பாடு மணிக்கு 40 முதல் 50 கிராம் மாவுச்சத்து: ஒரு பூவன் பழமும் இரண்டு கடலை மிட்டாயும், அல்லது ஆறேழு பேரீச்சை. கடைகளில் விற்கும் ஜெல் பாக்கெட்டை விசாரித்தவருக்கு வழிகாட்டி பஞ்சாமிர்தத்தைக் காட்டினார். வாழைப்பழம், வெல்லம், தேன், கொஞ்சம் நெய்; புவிசார் குறியீடு பெற்ற பொருள், திரும்பும் இடத்திலேயே கிடைக்கும். பயிற்சி நாட்களில் இரண்டு முறை சாப்பிட்டுப் பார்த்து வயிறு ஒத்துக்கொண்டபின் அதுவும் பட்டியலில் சேர்ந்தது.

மருத்துவர் மெட்டோபிரோலாலைச் சில வாரங்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். டெல்மிசார்ட்டானை மட்டும் இரவுக்கு மாற்றினார். பீட்டா தடுப்பானைத் தானாகத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. இது இந்த ஒருவருக்கு அவருடைய மருத்துவர் எடுத்த முடிவு, மற்றவருக்கு வழிமுறையல்ல.

ஆகஸ்ட் முதல் பிப்ரவரி

செவ்வாய், வியாழன் ஒரு மணி நேரம் இலேசாக. சனிக்கிழமை வீட்டில் உட்கார்ந்து எழும் பயிற்சி, பிளாங்க், கெண்டைக்கால் பயிற்சி. ஞாயிறு நீண்ட பயணம். ஆகஸ்டில் மூன்று ஞாயிறு வேண்டுமென்றே பொள்ளாச்சி – உடுமலை சாலைக்குப் போய், காற்றை எதிர்த்து இரண்டு மணி நேரம் சிறிய கியரில் 75 சுற்றுக்குக் குறையாமல் மிதிக்கப் பழகினார்.

எடை ஜூலையிலிருந்து அக்டோபர்வரை 88இலேயே நின்றது. ஓடும் தூரம் கூடியிருந்தும் குறையாததற்குக் காரணம் ஞாயிறு மதியச் சாப்பாடும், “இன்னைக்குத்தான் எண்பது ஓட்டிட்டமே” என்ற சமாதானத்தில் இரவு பரோட்டாவும். ஓட்டும்போது நன்றாகச் சாப்பிட்டால் இறங்கியபின் பசி குறைகிறது என்பது கவனித்துத் தெரிந்தது. முன்பு 60 கி.மீ.யை ஒரு டீயோடு முடித்துவந்தார். இரவுச் சாப்பாட்டை அளந்தபின் எடை மீண்டும் இறங்கியது.

நவம்பரில் வைரஸ் காய்ச்சல். இரண்டு வாரம் முழு ஓய்வு, பிறகு பாதித் தூரத்திலிருந்து. டிசம்பர், ஜனவரியில் 100, 110, 130, கடைசியாகத் தேதிக்கு மூன்று வாரம் முன் 150. அதற்கு மேல் பயிற்சியில் ஓட்டவில்லை.

இரண்டாம் முயற்சி

காலை 4:30. முன்விளக்கு ஒன்று, பின்விளக்கு இரண்டு, ஒளிரும் மேல்சட்டை. பொள்ளாச்சி 6:15, உடுமலை 7:55. நான்கு இட்லி, இருபது நிமிடம். மடத்துக்குளம் அருகே பின்சக்கரம் பஞ்சர், வேலிக்காத்தான் முள். டியூபை மாற்றுமுன் டயரின் உட்புறத்தை விரலால் தடவி முள்ளின் முனையைக் கண்டுபிடித்து எடுத்தார். அதை விட்டுவிட்டுப் புது டியூப் போடுபவர்கள் பத்து கி.மீ.க்குள் மறுபடி இறங்குவார்கள். மொத்தம் 18 நிமிடம். பழனி 10:30, போன முறையைவிட 70 நிமிடம் கூடுதலாகப் பிடித்த பயணம், ஆனால் திட்டத்துக்குள். 25 நிமிடத்தில் கிளம்பிவிட்டார்.

திரும்புகையில் முதுகில் காற்று. உடுமலை 12:32. வெயில் 34 டிகிரியைத் தொட்டது. தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்ற ஒருமுறை நின்றது சேர்த்து, பொள்ளாச்சி 14:31. அங்கே நிழலில் அரை மணி நேரம். கடைசி 36 கி.மீ. வடக்கே, காற்று வலப்பக்கம், சாலையும் கோவை வரை மெல்ல ஏறும். வேகம் 16. கிணத்துக்கடவு தாண்டி எட்டு நிமிட ஓய்வு. 17:24க்கு வீடு. மொத்தம் 12 மணி 54 நிமிடம். வரம்புக்கு 36 நிமிடம் மிச்சம். நின்ற நேரம் 2 மணி 16 நிமிடம், ஓடிய சராசரி 18.6 கி.மீ. ஜூலையில் பழனி போகும்போது சராசரி 22.4 இருந்தது, முடித்தது இந்த மெதுவான பயணம். எடைக் குறைவு 1.2 கிலோ. விரல் மரக்கவில்லை, சீட்டில் உராய்ந்து தொடை இடுக்கில் புண் மட்டும்.

அடுத்த வாரப் பரிசோதனையில் எடை 83.5, இடுப்பு 97, ஒரு மாத்திரையோடு ரத்த அழுத்தம் 126/80, எச்.பி.ஏ.1.சி. 5.6. இந்த மாற்றத்தில் பெரும்பங்கு செவ்வாய், வியாழனுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும்தான் என்பது வழிகாட்டியின் கருத்து. தேதி இல்லாமல் அந்தச் செவ்வாய்க்கிழமைகள் நடந்திருக்குமா என்று கேட்டால் இவர் இல்லை என்கிறார்.

மாற்ற வேண்டியவை

சீட் உயரம், சீட் சாய்வு, ஹேண்டில்பார் இவற்றை முதல் வாரத்திலேயே அளந்திருக்க வேண்டும். அரை மணி நேர வேலைக்காக ஆறு வாரமும் ஒன்பது நாள் விரல் உணர்வும் போயின. எடுக்கும் மாத்திரைகளின் பெயரை வழிகாட்டியிடம் முதல் நாளே சொல்லியிருந்தால் கடிகாரக் குழப்பமே இல்லை. உள்ளாடை இல்லாமல் பஞ்சு வைத்த ஷார்ட்ஸ், தொடை இடுக்கில் களிம்பு என்று சொல்லியும் இரண்டாம் முயற்சியில் களிம்பைப் பாதி வழியில் மறுபடி தடவவில்லை. அடுத்த முறை பழனியில் தடவப்படும்.

நிறுத்தும் இடமும் முன்கூட்டி முடிவாக வேண்டும். ஜூலையில் 13:40க்கு உடுமலையிலேயே கணக்குத் தெரிந்திருந்தது: மீதம் 65 கி.மீ., 4 மணி 50 நிமிடம், தேவை 13 கி.மீ.க்கும் மேல், ஓய்வே இல்லாமல். அங்கே நின்றிருந்தால் ரயில் நிலையம், மருத்துவமனை, நிழல் எல்லாம் கைக்கெட்டும் தூரம். கோமங்கலத்தில் சாலையோரம் ஒரு மணி நேரத்துக்கு மேல் காருக்குக் காத்திருந்தார். இப்போது அவருடைய ஹேண்டில்பாரில் ஒட்டியுள்ள சீட்டில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கடைசி நேரம் எழுதப்பட்டிருக்கிறது. திரும்பும் வழியில் உடுமலைக்கு 13:15, பொள்ளாச்சிக்கு 15:15. தாண்டினால் அந்த ஊரிலேயே இறங்குவது.